தொலைவழி மன ஆற்றுப்படுத்தல்: கும்மிடிப்பூண்டியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

உடலிற் புண்ணுற்றவன் மருத்துவரிடம் செல்லுங்கால் அப்புண்ணைக் காட்டுதல் வேண்டும். மனக்கவலை யுற்றவனுக்கோ சொல்லே பெரும்பாலும் போதுமாதலின், அவன் இருந்தவிடத்திருந்தே தொலைபேசி வாயிலாகவும் காணொளி வாயிலாகவும் சிகிச்சை பெறலாம் என்று இக்காலத்தார் கூறுகின்றனர். இக்கூற்று எத்துணை உண்மையுடையது என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை முன்னிறுத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இம்முறை முற்றும் புதியதன்று. 1953-ஆம் ஆண்டில் இலண்டனில் சாட் வாரா என்னும் குருவானவர், உயிர்விடத் துணிந்தோர் தொலைபேசியில் அழைத்துப் பேசுதற்கு ஏற்பாடு செய்தார். சமாரிட்டன்ஸ் என்னும் சங்கம் அதினின்று வளர்ந்தது. சென்னையில் 1986-இல் சிநேகா என்னும் அமைப்பு தற்கொலைத் தடுப்புத் தொண்டினைத் தொடங்கிற்று. இந்திய அரசாங்கத்தார் 2022 அக்டோபர் 10-ஆம் நாள் டெலி மானஸ் என்னும் திட்டத்தை நிறுவினர். அதன் 14416 என்னும் எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலிற் செவிசாய்ப்பர். வேண்டுமிடத்து மனநல மருத்துவரிடம் ஒப்புவிப்பர். இவ்வாலோசகரை ஆற்றுப்படுத்துநர் என வழங்குவாரும் உளர். பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழிகாட்டிய பழைய ஆற்றுப்படையை நினைப்பிக்கும் இப்பெயர் நமக்கு மிகவும் உவப்பானது.

இனி, கும்மிடிப்பூண்டிக்கு இதனாற் பயன் யாது? அவ்வூர் சென்னைக்கு வடக்கே, கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூரோ அரக்கோணம் செல்லும் பாதையில் உள்ளது. புகைவண்டியில் ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்வோர் சென்னைவரை வந்து வண்டி மாறவேண்டும். ஆகவே, 2022-இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியும், இரவுமுறை முடித்த ஆலைத் தொழிலாளி அங்குச் சென்று மீளுதற்குள் ஒருநாட் கூலியையும் ஒருநாள் உறக்கத்தையும் இழப்பான். தொலைவினுங் கொடிது நாணம். 1871 முதல் மனநோய் மருத்துவமனை இருந்துவரும் கீழ்ப்பாக்கத்தின் பெயரே நம்மவர் நாவில் ஏளனச் சொல்லாயிற்றன்றோ! அவ்வாயிலில் நிற்க அஞ்சுவோன் தொலைபேசியை எடுக்க அத்துணை அஞ்சான். ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் வந்தோர் தத்தம் மொழியிற் பேசுதற்கும் அத்திட்டத்தில் வழியுண்டு.

பேச்சு எவ்வாறு மருந்தாகும் என்று வினவுவார்க்கு ஒரு காட்டுக் கூறுவோம். ஊரிலுள்ள மனைவி இரண்டு மாலை தொலைபேசியை எடுக்கவில்லை. ‘அவள் என்னை வெறுத்துவிட்டாள்’ என்று கணவன் உறங்காது தவிக்கின்றான். ஆலோசகர் அவனைத் தேற்றவும் மாட்டார், கடியவும் மாட்டார். ‘நீங்கள் கண்டது யாது? கருதியது யாது?’ என இரண்டையும் பிரித்தெழுதச் செய்வார். கண்டது, அழைப்பை எடுக்காமை ஒன்றே, மற்றெல்லாங் கருத்து. பின்னர் வேறு காரணங்கள் இருத்தல் கூடுமோ எனவும், அவளிடம் எச்சொற்களால் வினவலாம் எனவும் ஆராய்வர். 1960-களில் ஆரோன் பெக் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையின் சாரம் இதுவே. இதற்கு முகங்காண்டல் இன்றியமையாததன்று. பகலுறக்கங் கெட்டவனுக்கு அச்சம் மிகுமாதலின், அறையை இருளாக்கவும், உறங்குமுன் தேநீரைத் தவிர்க்கவும் உடன் சொல்லுவர்.

ஆயினும் இம்முறைக்கு எல்லையுண்டு. பலநாள் உறக்கமின்றி இல்லாத குரல்களைக் கேட்பவனையும், சாகத் துணிந்து கருவியைக் கையிற் கொண்டவனையும், உடனிருப்போர் நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். கணவனால் அடிபடும் பெண்ணுக்கு அவன் செவிகேட்கப் பேசும் ஆலோசனை தீங்காகவே முடியும்; பெண்களுக்கான 181 என்னும் எண்ணை அவள் தனித்திருக்கும்போது அழைக்கலாம். கூலிபெற்று இணையவழி ஆலோசனை நல்குவோரிடம் பெயரையும் பதிவெண்ணையும் கேட்டறிதல் நலம். மருத்துவராயின் அவற்றைத் தெரிவித்தல் கடமை என 2020 மார்ச்சு 25-ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறை கூறுகின்றது.

இவையனைத்தினும் நமக்குப் பெரிதாகத் தோன்றுவது தனிமையின்மை. நோயாளி கூறியதை மறைத்துக் காத்தல் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தால் உரிமையாயிற்று. அச்சட்டம் ஆலோசகரைக் கட்டுப்படுத்தும். அறுவர் உறங்கும் அறையில் அடுத்த பாயிற் கிடப்பவனைக் கட்டுப்படுத்துமோ? 150 பேருக்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலையில் ஓய்விடம் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அவ்வோய்விடத்தின் ஒரு மூலையைத் தடுத்துக் கதவொன்று இட்டு, ஒருவன் அரைமணி நேரம் தனித்துப் பேசுமாறு செய்தற்கு ஆலை முதலாளிகளுக்கு ஆகுஞ் செலவு சிறிதே.