எரிமலை மேட்டில் ஒரு கிறவல் வழி

வீதி என்பது ஓர் ஊரை மற்றோர் ஊருடன் இணைப்பது என இளம் வகுப்பிலே படித்தோம். அவ்வேலை ஒழிந்த பின்னரும் மக்களுக்குப் பயன்படும் வீதிகள் சில உலகில் உள. அவற்றுள் ஒன்றை ஈண்டு ஆராய்வோம். நியூசிலாந்தின் வடதீவின் நடுவே, எரிமலைகள் நிற்கும் மேட்டுநிலத்தில், ஒறோப்பிற்றோ என்னும் சிற்றூருக்கும் ஒகக்கூனே என்னும் நகருக்கும் இடையே, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளத்திற் செல்லும் பழைய குதிரைவண்டி வீதியே அது. மோட்டார் வண்டியின் இரைச்சலும் புழுதியும் இன்றி, நடப்போரும் துவிச்சக்கரவண்டி ஓட்டுவோரும் அவ்வழியே செல்கின்றனர். அவர்கள் பெறும் அமைதி தானே வந்ததன்று. மலை தந்த கல், முன்னோர் தந்த உழைப்பு, இந்நாளோர் காட்டும் விழிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து அளித்தது. இம்மூன்றையும் முறையே நோக்குவோம்.

நிலத்தின் இயல்பு

வடதீவின் கீழைக் கடலோரத்துக்கு அப்பால், பசிபிக்குத் தட்டு அவுஸ்திரேலியத் தட்டின் கீழே அமிழ்ந்து செல்கின்றது. அதனால் ஆழத்திலே பாறை உருகி மேலெழுந்து எரிமலைகளை ஆக்கிற்று. அவற்றுள் உயர்ந்தது றுவப்பேகு மலை. அதன் உயரம் 2797 மீற்றர். வடதீவில் அதனினும் உயர்ந்த மலை வேறில்லை. அதற்கு வடக்கே தொங்காறிறோ, நவுறுகோயே ஆகிய மலைகள் உள. மேலும் வடகிழக்கே தாவுப்போ ஏரி இருக்கின்றது. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தெழுந்த பெருவெடிப்பு சுற்றுப்புறமெங்கும் சாம்பலையும் நுரைக்கல்லையும் கொட்டியது.

இந்நிலம் வீதி அமைப்போர்க்கு இருவகைப் பொருள்களைத் தருகின்றது. ஒன்று, எளிதில் நொறுங்கி நீரிலே கரைந்தோடும் சாம்பலும் நுரைக்கல்லும். மற்றொன்று, எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய அந்தசைற்று என்னும் வன்பாறை. மழை மிகுந்த அம்மலைச் சாரலிலே வெறும் மண்மேல் வண்டி சென்றால் சில்லு புதையும். ஆதலின் வீதி அமைத்தோர் வன்பாறையை உடைத்து, கல்லோடு கல்லைக் கையால் நெருக்கிப் பதித்து, அதன்மேல் வண்டிகளைச் செலுத்தினர். அக்கற்றளத்தின் பகுதிகளை இன்றும் காணலாம்.

முன்னோர் உழைப்பு

ஒக்லாந்தையும் வெலிங்டனையும் இணைக்கும் ஏறத்தாழ 680 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையின் நடுப்பகுதி வேலை 1885ஆம் ஆண்டிலே தொடங்கியது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தண்டவாளங்கள் வளர்ந்து வந்தன. ஆயினும் மலைச்சாரலின் பள்ளத்தாக்குகள் இடையே நின்று தடுத்தன. ஆதலின் ஒரு முனையில் இறங்கிய பிரயாணிகள் குதிரைவண்டியில் ஏறி மறுமுனைக்குச் செல்லவேண்டியதாயிற்று. நாம் கூறும் வீதி அந்த இடைவெளியை நிரப்பியது. 1908ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் தேதி, பிரதமர் சேர் யோசேப் வாட் கடைசி ஆணியை அறைந்தார். இருப்புப்பாதை முற்றுப்பெற்றது, குதிரைவண்டிக்கு வேலை முடிந்தது. பல்லாண்டு பாடுபட்டு அமைத்த வழியைக் காடு மெல்ல மூடியது.

வீதியை வென்ற இருப்புப்பாதைக்கும் பின்னர் அதே கதி நேர்ந்தது. அப்புவாவெனுவா என்னும் பள்ளத்தாக்கின் குறுக்கே 45 மீற்றர் உயரமும் 284 மீற்றர் நீளமும் உடையதாய் வளைந்து செல்லும் உருக்குப் பாலம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. பாதையை மின்மயமாக்கும் வேலையின்போது, 1987இல், அருகே புதிய கொங்கிறீற்றுப் பாலம் எழுந்தது, பழையது கைவிடப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே அவ்வூர் மக்களும் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தாரும் புதர்களை நீக்கி, வடிகால்களைத் திருத்தி, கற்றளத்தை வெளிக்கொணர்ந்தனர். கைவிடப்பட்ட வீதியும் கைவிடப்பட்ட பாலமும் ஒன்றுசேர்ந்து இன்று ஒரு வழியாக விளங்குகின்றன.

வண்டியின் நுட்பம்

இத்தகைய வழியிலே பந்தயத் துவிச்சக்கரவண்டி உதவாது. அதன் ரயர் 25 முதல் 28 மில்லிமீற்றர் வரையே அகலமுடையது. உள்ளே காற்றமுக்கம் மிகுதி. கல்லொன்றின்மேல் ஏறும்போது அந்த ரயர் நசுங்குவதில்லை. வண்டியும் ஓட்டுபவரும் ஒருங்கே மேலே தூக்கப்படுவர். முன்செல்லவேண்டிய சக்தி, மேலெழுந்து விழுவதிலே வீணாகின்றது. கிறவல் வழிக்கென ஆக்கப்பட்ட வண்டியில் ரயர் 40 மில்லிமீற்றர் அளவிலோ அதற்கு மேலோ அகன்றிருக்கும், அமுக்கம் குறைவு. அது கல்லைத் தன்னுள் வாங்கி நசுங்கிக் கடந்து செல்லும். வன்மையாக இருப்பதே விரைவுக்கு வழியென்று எண்ணும் மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக. ஒறோப்பிற்றோ உயர்ந்த இடத்தில் இருப்பதால், அங்கிருந்து ஒகக்கூனே நோக்கி வருதல் எளிது.

விழிப்பு

இனி மூன்றாவதும் முதன்மையானதுமாகிய காரணத்தைக் கூறுவோம். றுவப்பேகு மலை அவிந்த மலையன்று. அதன் உச்சியில் ஓர் ஏரி உண்டு. 1945ஆம் ஆண்டின் வெடிப்புக்குப் பின், ஏரி நீர் சாம்பற் கரையொன்றினால் தடுக்கப்பட்டுத் தேங்கி நின்றது. 1953ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் தேதி இரவு அக்கரை உடைந்தது. நீரும் சேறும் பாறையும் வங்காயெகு ஆற்றின் வழியே பாய்ந்து, ஒகக்கூனேக்குக் கிழக்கேயுள்ள தங்கிவை என்னுமிடத்துப் புகையிரதப் பாலத்தைத் தாக்கின. சற்று நேரத்தில் வெலிங்டனிலிருந்து வந்த விரைவு வண்டி அப்பாலத்தில் ஏறியது. அதிற் சென்ற 285 பேரில் 151 பேர் மாண்டனர். அபாயத்தைக் கண்ட சிறில் எல்லிசு என்னும் தபாற்கந்தோர் ஊழியர், கைவிளக்கை ஆட்டியவாறு வண்டியை நோக்கி ஓடினார். ஒரு மனிதனும் ஒரு கைவிளக்குமே அன்றிருந்த எச்சரிக்கை.

1995, 1996ஆம் ஆண்டுகளின் வெடிப்புகள் மீண்டும் அத்தகைய கரையொன்றை ஆக்கின. இம்முறை அறிஞர் அதனை அளந்தனர். உடையுமென முன்னரே உணர்ந்தனர். மலையிலே கருவிகளை நிறுத்தினர். 2007ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆந் தேதி கரை உடைந்தது. எச்சரிக்கை உடனே சென்றது, வீதிகள் மூடப்பட்டன, புகையிரதங்கள் நிறுத்தப்பட்டன. ஓர் உயிரும் போகவில்லை. மலையும் அதுவே, ஆறும் அதுவே, காரணமும் அதுவே. வேறுபட்டது மனிதரின் கவனம் ஒன்றே.

ஆகவே, கிறவல் வழியிலே அமைதியாகச் செல்லும் ஒருவர் தம் கால்வலியை மட்டும் நம்பிச் செல்கின்றாரல்லர். கல் பதித்தவரை நம்புகின்றார்; வடிகாலைத் திருத்துபவரை நம்புகின்றார்; இரவும் பகலும் மலையின் அசைவைக் கருவியிற் பார்த்திருப்பவரையும் நம்புகின்றார். நம் கல்லூரியிலிருந்து வெளிச்சென்றோருள்ளும் வீதி அமைப்போர், அளப்போர், காவல் செய்வோர் பலர் உளர். அவர்தம் வேலை செவ்வனே நடக்கும்போது யாரும் அதனைக் காண்பதில்லை. காணாத அவ்வேலையின் பெறுமதியை மாணாக்கர் உணரவேண்டுமென்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.