கையில் கருவி இருந்தாலும் பிரம்பைக் கைவிடாதீர்கள்



"கண் தெரியாதவங்களுக்குக் கையில கட்டுற மெஷின் வந்திருக்காமே, அதைக் கட்டிக்கிட்டா தனியா நடக்கலாமாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். காசு செலவழிக்கு முன்னர் அக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்துகொள்வோம்.

கருவி வேலை செய்யும் விதம்

வௌவால் இருட்டில் நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்புகிறது. அது எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு வழி அறிகிறது. கைப்பட்டி, இடுப்புப்பட்டி போன்ற பல கருவிகளும் இப்படித்தான். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். அது போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடும். தடை நெருங்கினால் அதிர்வால் உணர்த்தும்.

இன்னொரு வகை, வழி காட்டும் சப்பாத்து. ஐதராபாத்தில் உருவாகி 2014 இல் அறிமுகமான 'லே சல்' இவ்வகையானது. இந்தியில் இதற்குக் 'கூட்டிக்கொண்டு போ' என்று பொருள். கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். உதவியோடு, வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது சப்பாத்து அதிரும். இடப்பக்கமானால் இடது அதிரும்.

வெல்லாவெளியில் நடந்து பார்ப்போம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறது வெல்லாவெளி. வயலும் வரம்பும் வாய்க்காலும் நிறைந்த ஊர். கைப்பட்டியை மட்டும் நம்பி ஒருவர் அங்கே நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே மரம் நின்றால் கருவி அதிரும், சரி. வாய்க்கால் வந்தால்? நேரே முன்னோக்கிப் போகும் ஒலி பள்ளத்துக்கு மேலாகப் போய்விடும். கருவி சும்மா இருக்கும். "பாதை நல்லாத்தான் இருக்கு" என்று அவர் காலை வைப்பார். அடுத்த அடி பள்ளத்தில்!

சப்பாத்தும் இங்கே முழுத்துணை ஆகாது. திறந்த வெளியிலும் ஜி.பி.எஸ். சில மீற்றர் பிசகலாம். வரம்போ ஓரிரு அடி அகலம்தான். அதோடு அது காட்டு யானை நடமாடும் பகுதி. எதிரே நிற்பது மரமா, யானையா என்று ஒலிக்கருவி சொல்லாது.

நம்ம தோட்டத்திலும் இதே கதைதான். கான், லயத்துப் படிக்கட்டு, மலைச்சரிவு எல்லாமே கீழே இறங்கும் ஆபத்துகள்.

பள்ளத்தைக் காட்டுவது பிரம்பு

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர், வாகனக்காரருக்குத் தெரியட்டும் என்று 1921 இல் தம் கைத்தடிக்கு வெள்ளை பூசினார். 1944 இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர், போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு நீண்ட பிரம்பை வீசி நடக்கும் முறையை வகுத்தார். வலது கால் முன்வரும்போது பிரம்பு நுனி இடப்பக்கம் தொடும். இடது கால் வரும்போது வலப்பக்கம் தொடும். கால் போகும் இடத்தைப் பிரம்பு முன்கூட்டியே பார்த்துவிடும்.

பிரம்புக்கும் ஒரு குறை உண்டு. தலைக்கு நேரே நீட்டிய கிளையையும், லொறியின் பின்பலகையையும் அது அறியாது. ஆகவேதான் டில்லி ஐ.ஐ.டி.யினர் 2014 இல் வெளியிட்ட 'ஸ்மார்ட் கேன்' கருவியைப் பிரம்பின் பிடியிலேயே பொருத்தினார்கள். அது முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை 3 மீற்றர் வரை அறியும். கீழே பிரம்பு, மேலே கருவி. இரண்டும் சேர்ந்தால்தான் காவல்.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்புரை என்றால் சத்திரசிகிச்சையால் பார்வை திரும்பக்கூடும்.

2. பார்வை திரும்பாது என்றால் பிரம்பு நடைப் பயிற்சி பெறுங்கள். நிமிர்ந்து நின்றால் பிரம்பு நெஞ்செலும்பு வரை உயரம் இருப்பது நல்லது.

3. கருவி கிடைத்தால் பழகிய பாதையில், துணையோடு, பிரம்பையும் பிடித்தே பழகுங்கள். பற்றரி தீர்ந்தால் கருவி பேசாது என்பதை மறவாதீர்கள்.

4. கூட்டிப்போகிறவர் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, பின்னாலிருந்து தள்ளவும் கூடாது. அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்து அரை அடி பின்னே வரட்டும். படி வந்தால், "ஏறுது", "இறங்குது" என்று வாயால் சொல்லுங்கள்.

உதவி பற்றி உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். வெல்லாவெளிப் பக்கத்து உறவுகளுக்குப் போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அவ்வூரிலேயே உள்ளது.

ஒக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு தினம். அதற்கு முன்பாக உங்கள் லயத்து வாசல் கானுக்கு ஒரு பலகை போடுங்கள். அதற்குப் பற்றரி தேவையில்லை.