இணைய இணைப்பு துண்டிக்கப்படுமா?

பாரிஸில் படிக்கும் மகனுக்கு, திரைப்படத்தைச் சட்டவிரோதமாகத் தரவிறக்கியதாக எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருக்கிறது. இணைய இணைப்பைத் துண்டித்துவிடுவார்களா?

மாட்டார்கள், பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. மும்முறை பிடிபட்டவரின் இணைப்பை நீதிமன்றத்துக்குச் செல்லாமலே நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அடோபி என்னும் அமைப்புக்கு வழங்க 2009-இல் பிரெஞ்சு அரசு முயன்றது உண்மையே. ஆனால், இணையத்தை அணுகுவது கருத்துரிமையில் அடங்கும் என்றும், அதை நீதிபதியே கட்டுப்படுத்தலாம் என்றும் அந்நாட்டு அரசமைப்பு மன்றம் அவ்வாண்டு ஜூனில் தீர்ப்பளித்ததால் அம்முயற்சி முடங்கியது. பின்னர், இணைப்பைப் பாதுகாக்கத் தவறியோருக்கு நீதிபதி வழியாக விதிக்கப்படவிருந்த துண்டிப்பும் 2013 ஜூலையில் நீக்கப்பட்டது. ஒருவர் செய்த பிழைக்குக் குடும்பம் முழுவதையும் தண்டிக்கும் அந்த ஏற்பாடு ஒழிந்தது மிகவும் நியாயமானதே.

எஞ்சியிருப்பது 1,500 யூரோ வரையிலான அபராதம். அதுவும் எச்சரிக்கைகளுக்குப் பின்னரும் தவறு தொடர்ந்தால் மட்டுமே. டொரண்ட் முறையில் படத்தை இறக்கும்போதே அதன் துண்டுகளைக் கணினி பிறருக்கும் அனுப்புவதால், இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணாகிய ஐபி முகவரி பதிப்புரிமையாளர்களின் கண்காணிப்பில் சிக்குகிறது. அறைத்தோழரோ அண்டை வீட்டாரோ இறக்கியிருந்தாலும், இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருக்கே எச்சரிக்கை வரும். எனவே, மகன் டொரண்ட் செயலியை நீக்கி, வைஃபை கடவுச்சொல்லை மாற்றி, அதைப் பிறருக்குத் தராதிருப்பதே போதுமானது.

2022 முதல் இவ்வெச்சரிக்கைகளை அனுப்பிவரும் ஆர்காம் என்னும் அமைப்பு அவற்றில் பணம் கேட்பதில்லை. வந்த மின்னஞ்சல் வங்கி அட்டை எண்ணைக் கேட்டிருந்தால், அது மோசடியே.