எதிர்ப்பதங்களும் ஒப்புமை வினாக்களும்

எதிர்ச்சொற்களின் அட்டவணை ஒன்றை நெட்டுருப் பண்ணிவிட்டால், எதிர்ப்பொருளை அடிப்படையாகக் கொண்ட ஒப்புமை வினாக்கள் யாவும் கைவசமாகிவிடும் என்னும் நம்பிக்கை நம் மாணாக்கரிடையே வேரூன்றியிருக்கிறது. எட்டாம் வகுப்பினர் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில், மனத்திறன் பகுதியின் 90 வினாக்களுக்கு 90 நிமிஷங்களே அவகாசமாதலால், அச்சிறுவர்கள் குறுக்குவழியை நாடுவது சகஜமே; ஆயினும் இவ்வினாக்கள் பரீட்சிப்பது ஞாபக சக்தியை அன்று, முதல் ஜோடிக்குள் நிலவும் சம்பந்தம் எத்தகையது என்று பகுத்துணரும் புத்தியையே.

'வாங்குபவன் : விற்பவன் :: குரு : ?' என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். மூடன், பண்டிதன், சீடன், பாடசாலை என நான்கு விடைகள் தரப்பட்டிருக்கின்றன. குரு அறிவே உருவானவர், ஆகையால் அவருக்கு எதிர் மூடனே என்று அவசரமாகக் குறித்துவிடுகிறவர் பலர். வாங்குபவனும் விற்பவனுமோ ஒரே காரியத்தின் இரு முனைகளில் நின்று, ஒருவனின்றி மற்றவன் இல்லை என்னும்படி பிணைந்திருப்பவர்கள்; அத்தகைய பிணைப்புக் குருவுக்கும் சீடனுக்கும் இடையேதான் உண்டு. மூடனோ, குரு என ஒருவர் இல்லாத உலகத்திலும் மூடனாகவே இருப்பான். இனி, 'உயிருள்ளது : உயிரற்றது' என்பது வேறு ஜாதி, ஒன்று இல்லையேல் மற்றது, நடுவில் எதுவும் கிடையாது. 'சூடு : குளிர்ச்சி'யிலோ இடையே வெதுவெதுப்புக்கும் இடமிருக்கிறது. எந்த வகை என்று நிச்சயித்த பிறகே விடைகளின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முன்னால் 'அ' வந்தால் எதிர்ப்பதம் என்பது மற்றொரு பிரமை. சுத்தம், அசுத்தம் என்பவற்றைக் கண்ட பழக்கத்தால் விருத்திக்கு எதிர் அபிவிருத்தி என்று எழுதுகிற பிள்ளைக்கு, 'அபி' என்னும் உபசர்க்கம் பொருளை மறுப்பதன்று, மிகுவிப்பது என்று ஒருமுறை எடுத்துச் சொன்னால் போதும்.

எதிர்மறையும் எதிர்ச்சொல்லும் ஒன்றே என்று கருதுவோரும் உளர். ஆ, அல், இல் ஆகியவற்றை எதிர்மறை இடைநிலைகள் என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. அவை மறுப்பவையே அன்றி, மறுத்த இடத்தில் வேறொன்றை நாட்டுபவை அல்ல. 'வந்திலன்' என்னும் சொல் வருகை நிகழவில்லை என்று மட்டும் அறிவிக்கிறதே தவிர, அவன் போனான் என்று தெரிவிப்பதில்லை. ஆகவே 'வந்தான் : போனான்' என்று வினா தொடங்கினால் 'ஏறினான்' என்பதற்கு 'இறங்கினான்' விடையாகும், 'வந்தான் : வந்திலன்' என்று தொடங்கினால் 'ஏறிலன்' என்பதே விடையாகும்.