பின்னால் இடித்தால் பிழை யாருடையது?
வன்னி வீதிகளில் சாரதி வேலை பார்ப்போருக்கு ஒரு கைநூல்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் வாகனம் ஓட்டிச் சம்பளம் வாங்குவோர் பலர்: நிறுவன வாகனச் சாரதிகள், பஸ், டிப்பர், ஹயஸ், பட்டா ஓட்டுவோர். "பின்னுக்கு வந்து இடிச்சவனிலதான் பிழை" என்பது ஊர்த் தீர்ப்பு. பொலிஸும் இன்சூரன்ஸ் நிறுவனமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் விசாரிக்கத் தொடங்குவார்கள். விசாரணை எங்கே போய் முடியும் என்பது, விபத்து நடந்த இடத்தில் நீங்கள் சேர்க்கும் ஆதாரத்தைப் பொறுத்தது.

பின்னால் வருபவரை ஏன் முதலில் கேட்கிறார்கள்?

முன்னால் போகும் வாகனம் எந்த நேரமும் நிற்கலாம். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட நிறுத்துவார்கள். மாங்குளம் தாண்டினால் கட்டாக்காலி மாடு குறுக்கே வரும். "மாடு வந்தது, அவர் திடீரென்று பிரேக் அடித்தார்" என்ற பதில் எடுபடாது. மாடு வரும் வீதி என்று தெரிந்துதானே ஓட்டுகிறோம்?

70 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் 19 மீற்றர் ஓடுகிறது. கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரைச் செக்கன் எடுத்தால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே 29 மீற்றர் கடந்துவிடும். எனவே காய்ந்த வீதியில் குறைந்தது இரண்டு செக்கன், அதாவது 39 மீற்றர் இடைவெளி விடுங்கள். மழையிலும் பாரம் ஏற்றிய நேரத்திலும் அதை இரட்டிப்பாக்குங்கள்.

முன்னால் இருந்தவரும் பொறுப்பாகும் இடங்கள்

• முந்திச் சென்ற பஸ், ஆள் ஏற்றுவதற்காக உடனே இடப்பக்கம் வெட்டி நிறுத்தினால்.
• முன்னால் நின்ற வாகனம் பின்னோக்கி வந்து இடித்தால்.
• நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி, இரவில் பின்விளக்கோ ஒளிதெறிப்பானோ இல்லாமல் வீதியில் நின்றால்.
• பிரேக் விளக்கு எரியாத வாகனம் திடீரென்று நின்றால்.

மூன்று வாகனங்கள் அடுத்தடுத்து மோதினால், நடுவில் இருந்தவர் தானாக முன்னால் இடித்தாரா, பின்னால் வந்தவர் தள்ளியதால் இடித்தாரா என்று பார்ப்பார்கள். முன் வாகனத்தில் இருந்தவர் ஓர் இடியை உணர்ந்தாரா, இரண்டையா என்பது அங்கே முக்கிய சாட்சி.

இருவரிலும் பிழை இருந்தால், 1968 ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிடலாம். உங்கள் இழப்பு இரண்டு இலட்சம் ரூபாய், உங்கள் பங்கு கால்வாசி என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை இலட்சம் கிடைக்கும்.

முதல் அரை மணி நேரம்

1. வாகனத்தை நிறுத்துங்கள். காயமென்றால் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ், பொலிஸுக்கு 119.
2. காயம் ஏற்பட்ட விபத்தில், பொலிஸார் வந்து குறிக்கும்வரை வாகனத்தை நகர்த்தாதீர்கள். சிக்கியவரை மீட்பதற்கு மட்டும் நகர்த்தலாம். பின்னால் வருவோருக்கு எச்சரிக்கை வையுங்கள்.
3. படம் எடுங்கள். இரு வாகனமும் வீதி ஓரமும் கிலோமீற்றர்க் கல்லும் தெரிய முதலில் தூரத்திலிருந்து. பிறகு டயர் தடம், கண்ணாடித் துண்டு விழுந்த இடம், பின்விளக்குகள். இடிபட்ட உயரத்தையும் எடுங்கள். பலமாகப் பிரேக் அடித்த வாகனத்தின் முன்பக்கம் தாழும். அதனால் இடி கீழே பட்டிருக்கும்.
4. கண்டவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்குங்கள். பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். நாளானால் பதிவு அழிந்துவிடும்.
5. அங்கிருந்தே இன்சூரன்ஸுக்கும் அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்.
6. பதற்றத்தில் "என்ர பிழைதான், காசு தாறன்" என்று சொல்லாதீர்கள், எழுதியும் கொடுக்காதீர்கள்.

வாக்குமூலம்

வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழி. அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள். வேறு மொழியில் எழுதியிருந்தால், வாசித்து விளங்கப்படுத்திய பிறகே கையொப்பமிடுங்கள். கண்டதைச் சொல்லுங்கள், மற்றவரின் வேகத்தை ஊகித்துச் சொல்ல வேண்டாம்.

நீதவான் நீதிமன்றத்தில் "தண்டப்பணத்தைக் கட்டி முடிப்போம்" என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அந்த ஒப்புதலை இழப்பீட்டு வழக்கிலும் உங்களுக்கு எதிராக வைக்கலாம். இழப்பீட்டு வழக்கைத் தொடரப் பொதுவாக இரண்டு ஆண்டுகளே உண்டு.

முதலாளியும் நீங்களும்

வேலை நேரத்தில் சாரதியின் கவனயீனத்தால் வந்த சேதத்துக்கு முதலாளியும் பொறுப்பாளி. கடமையில் சாரதி காயப்பட்டால், 1934 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கோரலாம். பிழை யாருடையது என்று தெரியும் முன் சம்பளத்தில் வெட்டச் சம்மதித்துக் கையொப்பமிடாதீர்கள்.

பிரேக் தேய்ந்ததையும் விளக்கு எரியாததையும் ஓட்டப் புத்தகத்தில் திகதியோடு எழுதிப் பொறுப்பாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். நெருக்கி ஓட்டினால் மட்டுமே முடிகிற பயண நேரத்தைத் தந்தால், அதையும் எழுத்தில் தெரிவியுங்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனதற்கு ஒரு விளக்கம் போதும். இடித்தபின் நீதிமன்றத்துக்கு அலையும் நாட்களுக்குச் சம்பளம் தர யாரும் வரமாட்டார்கள்.