படுக்கை மட்டுமே ஓய்வாகாது
அறுவை சிகிச்சைக்குப் பின் காலில் இரத்தம் உறைதல்

அறுவை சிகிச்சை என்றாலே நம் மக்களின் உள்ளத்தில் அச்சம் எழுவது இயல்பு. மயக்கம் நன்கு தெளியுமா, தையல் ஆறுமா, புண்ணில் சீழ் பிடிக்குமா என்றெல்லாம் கவலை கொள்கிறோம். நோயாளி நலமுடன் வீடு திரும்பிவிட்டால், கண்டம் கழிந்தது என்று பெருமூச்சு விடுகிறோம். ஆயின் அதன் பின்னரும் ஓர் ஆபத்து இருக்கிறது. அது வெட்டிய இடத்தில் தோன்றுவதன்று. கத்தி படாத காலில், ஓசையின்றித் தோன்றுவது. அதனை நாம் அனைவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஓர் இல்லத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சிசேரியன் அறுவையின் மூலம் பிள்ளை பெற்ற மருமகள் நான்காம் நாள் வீடு திரும்புகிறாள். மாமியார் அன்பு மிக்கவர். "வயிற்றைக் கீறின உடம்பு அம்மா, எழுந்திருக்காதே. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். பத்தியம் என்று தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார். ஒரு வாரம் கழிகிறது. "அத்தை, இடது கால் மட்டும் கனமாக இருக்கிறது, கெண்டைக்கால் வலிக்கிறது" என்கிறாள் மருமகள். "காற்றுப் பட்டிருக்கும்" என்று சொல்லி, எண்ணெயைச் சுடவைத்துக் காலை அழுத்தி உருவி விடுகிறார் மாமியார்.

இங்கே செய்யப்பட்ட மூன்றும் அன்பினால் செய்யப்பட்டவையே. ஆயினும் அசையாமல் படுக்க வைத்ததும், தண்ணீரைக் குறைத்ததும், வீங்கிய காலை உருவியதும் அப்பெண்ணின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். ஏன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இரத்தம் மேலே ஏறும் வழி

இதயத்திலிருந்து புறப்படும் இரத்தத்தைத் தமனிகள் உடலெங்கும் கொண்டு செல்கின்றன. அதனை மீண்டும் இதயத்திற்குக் கொண்டு வருபவை சிரைகள். காலில் இறங்கிய இரத்தம், நாம் நிற்கும்போது நான்கடி உயரத்திற்கு மேல்நோக்கி ஏற வேண்டும். இதற்கு உதவுவது கெண்டைக்காலின் தசை. நாம் நடக்கும்போது அத்தசை சுருங்கி, காலின் உட்புறத்தே ஆழத்தில் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அது மீண்டும் கீழே இறங்காதவாறு சிரைகளுக்குள் சிறு கதவுகளைப் போன்ற தடுக்கிதழ்கள் உள்ளன. ஆகவே கெண்டைக்காலை நம் உடலின் இரண்டாவது இதயம் என்று கூறுவதும் உண்டு.

நடை நின்றால் இப்பிழிதல் நிற்கிறது. இரத்தம் மெதுவாக ஓடுகிறது. தடுக்கிதழ்களின் அருகே தேங்குகிறது. தேங்கிய இடத்தில் உறைகட்டி தோன்றலாம். இதனையே ஆழ்சிரை இரத்த உறைவு என்பர்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோப்பையில் வடிந்த பாலை உரிய வேளையில் எடுக்காமல் விட்டால் அது கட்டிப்பாலாகிவிடும். ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் இன்னும் விரைவில் உறையும். உறையாமல் வைத்திருக்க அமோனியா கலப்பர். இரத்தமும் ரப்பர் பாலும் ஒன்றல்ல. உறையும் முறையும் வேறு. எனினும் தேங்க விடலாகாது, உறையத் தூண்டுவது ஒன்று, உறையாமல் தடுப்பது ஒன்று என்னும் செய்திகளை மனத்தில் பதிக்க இவ்வுவமை உதவும்.

மூன்று காரணங்கள்

காலில் தோன்றிய கட்டி இரத்த ஓட்டத்தோடு சென்று நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெளிவுபடுத்தியவர் ருடால்ஃப் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய மருத்துவ அறிஞர். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு 1856-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரத்தம் உறைவதற்கான மூன்று காரணங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயராலேயே கற்கின்றனர். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13, 2014 முதல் உலக இரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

முதற்காரணம், இரத்த ஓட்டம் தளர்தல். இரண்டாவது, இரத்தக் குழாயின் உட்சுவர் காயமுறுதல். மூன்றாவது, இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல்.

அறுவை சிகிச்சையில் இம்மூன்றும் ஒன்றுகூட இடமுண்டு. மயக்கத்தில் கிடக்கையில் தசை அசைவதில்லை, ஓட்டம் தளர்கிறது. வெட்டும் இடத்தில் குழாய்கள் காயமுறுகின்றன. காயத்திலிருந்து இரத்தம் வீணாகாமல் காக்க, உடல் தானாகவே உறையும் ஆற்றலைப் பெருக்குகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடே, அசையாது கிடப்பவருக்கு ஆபத்தாக முடியலாம்.

இடுப்பு, முழங்கால் மூட்டு அறுவைகள், இடுப்பெலும்பு முறிவு, புற்றுநோய்க்கான பெரிய அறுவைகள் ஆகியவற்றில் இவ்வாபத்து மிகுதி. முதியவர்கள், பருமனானவர்கள், முன்பே இரத்தக் கட்டி கண்டவர்கள், அத்தகையோரின் நெருங்கிய உறவினர்கள், சில வகைக் கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளும் பெண்கள் ஆகியோர் கூடுதல் கவனத்திற்குரியவர்கள். கருவுற்ற பெண்ணின் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை கொண்டது. பிள்ளைப்பேற்றின் பின் ஆறு வாரம் வரையில் இவ்வாபத்து மிகுந்திருக்கும். அதனோடு சிசேரியன் அறுவையும் சேரும்போது அது மேலும் கூடுகிறது.

ஆசிய மக்களுக்கு இந்நோய் அரிது என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் பலரும் எண்ணியிருந்தனர். மலேசியாவில் இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்ட, தடுப்பு மருந்து பெறாத 88 நோயாளிகளை ஆராய்ந்து, 1996-இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அவர்களுள் நூற்றுக்கு 60 பேருக்கும் மேலானோரின் கால்களில் கட்டிகள் காணப்பட்டன. அத்தகைய கட்டிகளுள் பல, வெளியே எவ்வித அறிகுறியும் காட்டாதவை. நமக்கு வராது என்று இனி எவரும் இருந்துவிட இயலாது.

படுக்கை பற்றிய பழைய எண்ணம்

"அசையாமல் படுத்திரு" என்று கூறும் நம் பெரியவர்களைக் குறை கூறுவது முறையாகாது. ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலும் அதுவே விதியாக இருந்தது. குடலிறக்க அறுவைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பின் நோயாளிகளை இரண்டு, மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்த காலம் அது. 1940-ஆம் ஆண்டுகளில்தான் இவ்வழக்கம் பெரிதும் மாறியது. 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். சிரைகளில் இரத்தம் உறைவதையும் அவர் அதில் சுட்டிக்காட்டினார். மருத்துவர்கள் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர். அச்செய்தி நம் வீடுகளுக்குள் முழுமையாக வந்து சேராததே குறை.

தடுக்கும் வழிகள்

எழுந்து நடப்பதே முதல் மருந்து. மருத்துவர் அனுமதித்தவுடன், இயன்றால் அறுவை செய்த நாளிலோ மறுநாளிலோ, தாதியின் துணையுடன் எழுந்து நிற்கவும் நடக்கவும் வேண்டும். தையல் பிரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை; மெதுவாக நடப்பதைத் தாங்கும்படியே தையல் இடப்படுகிறது. எழ இயலாதவர் படுத்தவாறே பாதங்களை மேலும் கீழும் அசைத்தும், கணுக்காலைச் சுழற்றியும், கெண்டைக்கால் தசைக்கு வேலை கொடுக்கலாம்.

அடுத்தது நீர். மருத்துவர் தடை விதித்திருந்தாலன்றித் தாகத்தை அடக்க வேண்டா. நீர் குறைந்தால் இரத்தம் செறிவுறும். பத்தியத்தில் மிளகும் பூண்டும் இருக்கட்டும். தண்ணீரைக் குறைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம்.

ஆபத்து மிகுந்தவர்களுக்கு மருத்துவர்கள் கால்களை இறுக்கிப் பிடிக்கும் காலுறைகளையும், காற்றை நிரப்பி வெளியேற்றிக் கால்களைப் பிழியும் கருவியையும் தருவர். வயிற்றின் தோலடியில் ஊசி மருந்தும் போடுவர். இவ்வூசி மருந்து ஹெப்பாரின் வகையைச் சேர்ந்தது. 1916-இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவர் மேற்கொண்ட ஆய்விலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது.

மாத்திரை வடிவில் நெடுங்காலமாகப் பயன்படுவது வார்ஃபரின். செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு இப்பெயர் எலி மருந்தின் பெயராகப் பழக்கமானது. 1948-இல் எலிகளை ஒழிக்க அறிமுகமான அப்பொருள், 1954-இல் மனிதர்க்குரிய மருந்தாகவும் ஏற்கப்பட்டது. அளவே நஞ்சையும் மருந்தையும் பிரிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆகவே இம்மருந்தை உண்போர் உரிய நாளில் இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். நாட்டு மருந்தையோ வலி மாத்திரையையோ தாமாகச் சேர்த்துக்கொள்ளலாகாது. ஈறு, மூக்கு, சிறுநீர், மலம் இவற்றில் இரத்தம் கண்டால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

வீட்டிற்கு வந்த பின்னும் சில நாளோ சில வாரமோ ஊசியைத் தொடரச் சொல்வதுண்டு. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஐந்து வாரம் வரை மருந்து தரப்படலாம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பாதியில் நிறுத்துவது பெருந்தவறு.

அறிகுறிகளை அறிவோம்

ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலிலோ தொடையிலோ வலி, தொட்டால் சூடு, தோலின் நிறம் மாறுதல். இவை காலில் கட்டி இருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள். நம்மவரின் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது; எனவே இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒலியலைக் கருவி கொண்டு வலியின்றிச் சோதித்து விடலாம். வீங்கிய காலை உருவவோ அழுத்தவோ கூடாது. கட்டி பெயர்ந்து நகர அது வழி செய்யக்கூடும்.

கட்டி நுரையீரலை அடைந்தால் திடீரென மூச்சு வாங்கும், மூச்சை இழுக்கும்போது மார்பு வலிக்கும், நெஞ்சு படபடக்கும், இருமலில் இரத்தம் வரலாம், மயக்கம் ஏற்படலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதித்தல் ஆகாது. 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அண்மையில் அறுவையோ பிள்ளைப்பேறோ நடந்தது என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும்.

இப்போது நாம் தொடக்கத்தில் கண்ட இல்லத்திற்குத் திரும்புவோம். மருமகள் கால் கனக்கிறது என்று கூறியதும், எண்ணெயைத் தேடாமல், "வா அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருவோம்" என்று மாமியார் அழைத்துச் சென்றிருந்தால், அதுவே அவர் செய்யும் மிகப் பெரிய பணிவிடையாக இருந்திருக்கும். நம் வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. அவ்வன்போடு இவ்வறிவும் சேரட்டும்.

நினைவிற் கொள்க

1. மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடக்க வேண்டும்.
2. படுத்திருக்கும்போதும் பாதங்களை அசைக்க வேண்டும்.
3. தண்ணீரைக் குறைத்தலாகாது.
4. தரப்பட்ட ஊசியையும் மாத்திரையையும் இடையில் நிறுத்தலாகாது.
5. ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவாமல், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
6. திடீர் மூச்சுத் திணறலுக்கு உடனே அவசர உதவி நாட வேண்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்பது ஏன்?
2. அறுவை சிகிச்சையின்போது இரத்தம் உறைவதற்கான மூன்று காரணங்களும் எவ்வாறு ஒன்றுகூடுகின்றன?
3. உங்கள் இல்லத்தில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கூறப்படும் அறிவுரைகளுள் எவற்றைக் காக்கலாம், எவற்றை மாற்றலாம்? வீட்டுப் பெரியவர்களுடன் கலந்து பேசுங்கள்.