உகந்தையிலிருந்து கதிர்காமம்: முதல்முறை நடக்கும் குழுவுக்கு முழுமையான வழிகாட்டி

வந்தாறுமூலையிலிருந்து கதிர்காமத்துக்கு பஸ்ஸில் போக ஒரு பகல் போதும். ஆனாலும் வருடாவருடம் ஆடிவேல் விழாவை ஒட்டி, மட்டக்களப்பார் பலர் பொட்டுவில், பாணமை தாண்டி உகந்தைமலை முருகன் கோயிலுக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குள் இறங்கி நடக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கிழக்குக் கரையோரமாக வரும் நீண்ட பாதயாத்திரையின் கடைசிப் பகுதி இது. சுமார் 80 முதல் 90 கிலோமீற்றர் தூரம். குமண, யால காடுகளின் வழியே நான்கு முதல் ஆறு நாள் நடை. இந்தப் பயணத்தின் திட்டம் முழுவதும் தண்ணீரைச் சுற்றியே அமைகிறது.

1. திகதியை முதலில் பாருங்கள்

குமண, யால இரண்டும் தேசியப் பூங்காக்கள். மற்றக் காலங்களில் அங்கே நினைத்தபடி நடந்து போக முடியாது. விழாக் காலத்தில் சில நாட்களுக்கு மட்டுமே காட்டுப்பாதை திறக்கப்படும். திறக்கும் திகதியும் மூடும் திகதியும் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கப்படும். அந்த அறிவிப்பு வந்த பிறகே லீவு போடுங்கள், வாகனம் பேசுங்கள். முதல் நாளிலும் கடைசி நாளிலும் இறங்காமல் நடுவில் ஒரு நாளைத் தெரிவு செய்தால் நெரிசலும் அவசரமும் குறையும்.

2. குழுவை அளவாகச் சேருங்கள்

எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை இருந்தால் சமாளிக்கலாம். முன்னர் நடந்த ஒருவராவது கட்டாயம் வேண்டும். தலைமை, சமையல், தண்ணீர், மருந்து என்று பொறுப்பைப் பிரித்துவிடுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என இரண்டு பேரை நியமியுங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பெயர் கொடுக்க வேண்டாம்.

3. ஊரிலேயே பழகுங்கள்

இரண்டு மாதத்துக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். முதலில் சித்தாண்டி முருகன் கோயில்வரை போய் வாருங்கள். பிறகு செங்கலடி, ஏறாவூர் தாண்டி மாமாங்கம்வரை நடவுங்கள். அது ஏறத்தாழ 15 கிலோமீற்றர். கடைசி வாரங்களில் பொதியையும் தோளில் போட்டுக்கொண்டு, கடற்கரை மணலில் நடந்து பாருங்கள். தார் வீதியில் தெரியாத களைப்பு மணலில்தான் தெரியும். கச்சான் காற்று வீசும் பகலில் ஒருமுறை நடந்தால் உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதும் புரியும்.

4. தண்ணீர்க் கணக்கு

அந்த வெயிலில் நடக்கும் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு நான்கு, ஐந்து லீற்றர் தேவைப்படும். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால் இரண்டு நாளுக்கானதைச் சுமப்பது நடக்காத காரியம். ஆளுக்கு மூன்று லீற்றர் கொள்ளும் போத்தல்களை வைத்துக்கொண்டு, நிரப்பக் கிடைக்கும் இடமெல்லாம் நிரப்புங்கள். சில தரிப்பிடங்களில் தாங்கிகளில் தண்ணீர் வைப்பார்கள்; அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆற்றுநீரையும் மணலில் தோண்டிய ஊற்றுநீரையும் துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஆளுக்குச் சில ஜீவனி பைக்கற்றுகள் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் அன்றைய நடையை நிறுத்துங்கள்.

5. பொதியில் என்ன?

அரிசி, பருப்பு, அவல், சர்க்கரை, பேரீச்சம்பழம், தேயிலை போதும். இது விரதப் பயணம், மச்சம் வேண்டாம். படங்கு ஒன்று, கயிறு, பாய் அல்லது சாரம், ரோர்ச் லைற், தொப்பி, இரண்டு சோடி உடுப்பு, பழகிய செருப்பு. புதுச் செருப்பு கொப்புளம் தரும். வெறுங்காலுடன் நடக்க நேர்ந்துகொண்டவர்களும் முள் எடுக்க ஊசியும் சிறு இடுக்கியும் கொண்டுபோகட்டும். பொதி எட்டுக் கிலோவைத் தாண்டினால் எதையாவது குறையுங்கள்.

6. நடையும் தங்கலும்

வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு பத்து மணிக்குள் நிழல் தேடுங்கள். மாலை மூன்றரைக்குப் பிறகு மீண்டும் நடந்து, பொழுது சாய முன்னர் தரிப்பிடத்தை அடையுங்கள். இருட்டில் நடக்கவே கூடாது. மற்றக் குழுக்கள் தங்கும் இடத்திலேயே நீங்களும் தங்குங்கள். மிருகங்கள் தண்ணீருக்கு வரும் தடத்தை மறித்துப் படுக்காதீர்கள். குமண, யால இரண்டையும் பிரிக்கும் குமுக்கன் ஆற்றங்கரையில் மருதமர நிழல் உண்டு. களைப்பாற நல்ல இடம்.

7. காட்டின் சொந்தக்காரர்கள்

யானையைக் கண்டால் கூச்சல் போடாமல், ஒன்றாகப் பின்வாங்கி வழிவிடுங்கள். படம் எடுக்க நெருங்க வேண்டாம். யாத்திரைக் காலத்தில் பாலைப்பழம் பழுத்திருக்கும். அதைத் தின்னக் கரடி வரும். ஆகவே பாலைமரத்தடியில் தனியாக ஒதுங்காதீர்கள். ஆற்றில் முதலை உண்டு. ஆழமான மடுக்களை விட்டு, தெளிந்த ஆழங்குறைந்த இடத்தில், பகலில், கூட்டமாகக் குளியுங்கள். படுக்க முன்னர் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

8. அவசரத்துக்கு

காட்டுக்குள் பல இடங்களில் ஃபோன் எடுக்காது. உகந்தையில் பெயர் பதிந்து, எத்தனை பேர், எந்த நாளில் கதிர்காமம் சேர்வீர்கள் என்பதை வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். தலைசுற்றல், வாந்தி, வியர்வை நின்று உடம்பு கொதித்தல் கண்டால் உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். அருகிலுள்ள படையினரிடமோ வனஜீவராசிகள் அதிகாரியிடமோ சொல்லுங்கள். காட்டைவிட்டு வெளியேறியதும் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

கொண்டுபோன பொலித்தீன், போத்தல் எல்லாவற்றையும் கதிர்காமம்வரை சுமந்து வந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். அடுப்பை மண்போட்டு அணையுங்கள். முதல்முறை போகிறவர் பாதியில் முடியாமல் திரும்பினாலும் குறைவில்லை. அடுத்த வருடமும் பாதை திறக்கும்.